கட்டுமரம் முதல் கேட்டமரான் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கில அகராதியில் ‘கேட்டமரான்’ என்ற சொல்லைத் திறந்தால் ஒரே பதிவுக்குள் தெப்பம், இரட்டை உடல் படகு, சண்டைக்காரக் கிழவி, வெடிமருந்துப் பெட்டி என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள் கிடக்கின்றன. சொல் தமிழ் என்று பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்கள். மற்றவை எப்படி வந்து சேர்ந்தன என்று யாரும் சொல்லித்தருவதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், படகுப் பிரியர்கள் எல்லோரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வந்த ஐயங்கள் இவை. எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

‘கேட்டமரான்’ உண்மையிலேயே தமிழ்ச் சொல்தானா, இல்லை நாம் சும்மா பெருமைக்குச் சொல்கிறோமா?

உண்மையிலேயே தமிழ்தான். கட்டு, மரம் என்ற இரண்டும் சேர்ந்த ‘கட்டுமரம்’தான் மூலம். இதில் எந்தப் பெரிய ஆங்கில அகராதிக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தமிழிலிருந்து போனதாகச் சொல்லப்படும் பல ஆங்கிலச் சொற்களுக்கு இந்த உறுதி கிடையாது. இதற்கு இருப்பதற்குக் காரணம், எழுத்துச் சான்று, இடம், பொருள், ஒலி நான்கும் ஒரே கரையைக் காட்டுவது. சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியர்கள் அங்கே பார்த்த பொருளை, அங்கே கேட்ட பெயரிலேயே எழுதிவைத்தார்கள்.

அப்போ ஆங்கிலத்தில் கேட்டமரான் என்றால் கட்டுமரம் என்றுதானே பொருள்?

முதலில் அப்படித்தான் இருந்தது. இன்று ஆங்கிலம் பேசும் ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால் அவர் மனதில் வருவது வேறு பொருள்: ஒன்றுக்கொன்று இணையாக இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவே அவற்றை இணைக்கும் தளம், பெரும்பாலும் பாய்மரம். சுற்றுலாப் படகு, பந்தயப் படகு, கார் ஏற்றிச் செல்லும் பெரிய பயணிக் கப்பல் எல்லாம் இதில் அடங்கும்.

கட்டுமரத்துக்கு ‘உடல்’ என்று ஒன்றே கிடையாது. அது உள்கூடு இல்லாத, நெருக்கிக் கட்டிய கட்டைகளின் தொகுப்பு. தண்ணீர் கட்டைகளுக்கு இடையே புகுந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இன்றைய கேட்டமரானுக்கும் நம் கட்டுமரத்துக்கும் பெயர் உறவு உண்டு, வடிவ உறவு இல்லை. பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் இதுதான்.

கட்டுமரம் சரியாக எப்படி இருக்கும்? நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில், மூன்று, ஐந்து அல்லது ஏழு கட்டைகள். நடுக்கட்டைதான் நீளம். அது மற்றவற்றைவிடச் சற்றுத் தாழ்ந்து உட்காரும். அதனால் மேற்புறம் லேசாகக் குழிந்து, ஆள் மண்டியிடவும் வலையை வைக்கவும் இடம் கிடைக்கும். கட்டைகள் உருட்டாக அப்படியே கட்டப்படுவதில்லை. பக்கத்துக் கட்டையோடு பொருந்தும்படி செதுக்கி, முன்முனை அலையை வெட்டும்படி கூராக மேல்நோக்கி வளைத்திருப்பார்கள். முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். சோழமண்டலக் கரை வகையில் ஆணி கிடையாது. மீனவர்கள் இதைக் ‘கட்டுமரம்’ என்று முழுதாகச் சொல்வதைவிட ‘மரம்’ என்று மட்டும் சொல்வதே அதிகம்.

கயிற்றால் கட்டுவதற்குக் காரணம் உண்டு. எவ்வளவு லேசான மரமாக இருந்தாலும் கடலில் கிடக்கக் கிடக்க நீரை உறிஞ்சிக் கனக்கும், மிதப்பு குறையும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிப்போய் மணலில் காயப்போட்டுவிடலாம். ஆணி அடித்திருந்தால் அது முடியாது. இன்னொன்று, அலை மோதும்போது கயிற்றுக் கட்டு சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். விறைப்பான பலகைப் படகு பிளந்துபோகும் கரையலையை மரம் தாண்டிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். உள்ளே நீர் தேங்க இடமே இல்லாததால் இறைக்கும் வேலையும் இல்லை. கட்டு தளர்ந்தால் மட்டும் கட்டைகள் ஒன்றோடொன்று உரசித் தேயும், பிறகு சரியாகப் பொருந்தாது. அதனால் கட்டும் வேலையில் சோம்பல் காட்ட முடியாது.

இந்தச் சொல்லை முதலில் எழுதிவைத்த ஐரோப்பியர் யார்?

நன்கு அறியப்பட்ட மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இத்தாலிய மொழியில் உள்ளது. வெனிஸ் நகர நகை வணிகர் காஸ்பரோ பால்பி 1583இல் இந்தக் கரைக்கு வந்தார். ஏழு உருண்டைக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டுவதையும், நடுவில் இருப்பது நீண்டு அலையை வெட்டுவதையும் விவரித்து, இவற்றின் பெயர் ‘கதமெரோனி’ என்று எழுதினார். இத்தாலிய ஒருமையைப் பன்மையாக்கும் ‘இ’ கடைசியில் ஒட்டியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நம் சொல் தெரியும்.

ஆங்கிலத்தில், ஜான் ஃப்ரையர் என்ற மருத்துவர் 1673இல் இந்தக் கரையோரம் போகும்போது கண்டதை எழுதியிருக்கிறார்: கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, நடுவே ஒரு பாய், செலுத்தத் துடுப்பு, அதிலேயே சரக்கையும் கொண்டுவருகிறார்கள் என்று. அவர் நூல் அச்சானது 1698இல். அதற்கு ஓராண்டு முன்பே வில்லியம் டாம்பியரின் பயண நூல் வெளிவந்துவிட்டது. அது பலராலும் படிக்கப்பட்ட நூல், சொல்லைப் பரப்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

டாம்பியர் ஒற்றைக் கட்டை என்று எழுதியிருக்கிறாரே, அது தவறா?

தவறு என்று தள்ள வேண்டாம். அவர் தென் அமெரிக்கக் கரையின் பெரிய மரத்தெப்பங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும்போது, சோழமண்டலத்திலும் இப்படி ஒன்று உண்டு என்று ஒப்பிடுகிறார். ஒன்றோ இரண்டோ கட்டை, ஒரே ஆள், அவன் கால் எப்போதும் தண்ணீரில், தூரத்திலிருந்து பார்த்தால் மீன் முதுகில் மனிதன் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும் என்கிறார். சிறிய மரங்களும் இருந்தன, பால்பி பார்த்த ஏழு கட்டை மரங்களும் இருந்தன.

அந்த ஒப்பீட்டினால் விளைந்ததைத்தான் கவனிக்க வேண்டும். தென் அமெரிக்கத் தெப்பத்தையும் நம் மரத்தையும் ஒரே வகையாக நினைக்கும் வழக்கம் ஆங்கில மாலுமிகளிடையே படிந்தது. ‘கேட்டமரான்’ ஒரு கரையின் படகுப் பெயராக இருந்தது போய், கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய எதற்கும் பொதுப் பெயரானது. பின்னால் வரும் எல்லாப் பொருள்களும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

‘மரம்’ எப்படி ‘மரான்’ ஆச்சு? கடைசி ‘ம்’ எங்கே போச்சு?

பேச்சுத் தமிழைக் கவனியுங்கள். ‘மரம்’ என்பதை யாரும் உதட்டை மூடி ‘ம்’ என்று முடிப்பதில்லை. கடைசி உயிர் மூக்கொலியாகக் கரைந்துவிடும். அந்த மூக்கொலியைக் கேட்ட அயலார் தங்கள் எழுத்தில் ‘ன்’ என்று எழுதியிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பால்பியின் வடிவத்திலேயே ‘ன’ இருப்பதைப் பாருங்கள். ‘ட்ட’ என்ற நாமடி ஒலி ஆங்கிலத்தில் கிடையாது, அது சாதாரண ‘ட’ ஆனது. ‘கட்டு’வின் கடைசிக் குற்றியலுகரம் அரைகுறையாக ஒலிப்பதால் ‘அ’ என்று கேட்டிருக்கிறது.

இன்றைய ஆங்கில உச்சரிப்பில் அழுத்தம் கடைசி அசையில் விழுகிறது: கேட்டம-ரான். 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கில-இந்தியச் சொல் அகராதியே, கடைசி அசையை இப்படி அழுத்துவது சரியல்ல என்று குறிப்பு எழுதியது. தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தமிழ் ஒலி அவருக்குத் தெரியும். குறிப்பு எழுதியும் பயனில்லை, ஆங்கில வாய் மாறவில்லை.

‘கேட்டலாக்’, ‘கேட்டரேக்ட்’ சொற்களில் வரும் கிரேக்க முன்னொட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. அவற்றில் வருவது ‘கீழே’, ‘முழுக்க’ என்றெல்லாம் பொருள் தரும் கிரேக்க ‘கட்டா’. எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல். காட்டுப்பூனையைக் குறிக்கும் ‘கேட்டமவுண்ட்’ என்ற சொல்லில் இருப்பதோ உண்மையான பூனை. மூன்றும் மூன்று வேர்.

அகராதியில் ‘சண்டைக்காரப் பெண்’ என்று ஒரு பொருள் இருக்கே, அது எங்கிருந்து?

பழைய ஆங்கிலக் கொச்சை வழக்கு அது. 1811இல் லண்டனில் வெளியான கொச்சைச் சொல் அகராதி இதை ‘வற்றிப்போன கிழவி’ என்று விளக்கி, காரணமும் சொல்கிறது: கப்பல் உடைந்தவர்களைக் காப்பாற்ற, பாய்மரக் கழிகளைச் சேர்த்துக் கட்டும் மிதவையின் பெயரிலிருந்து வந்ததாம். எலும்பும் கழியும் தெரியும் உருவம் என்ற ஏளனம்.

பிறகு 1830களின் ஆங்கிலக் கதைகளில் பொருள் ‘வாயாடி’, ‘சிடுமூஞ்சி’ என்ற பக்கம் சாய்ந்தது. சொல்லின் தொடக்கத்தில் ‘கேட்’, அதாவது பூனை, ஒலிப்பதும் அதற்குத் துணைபோயிருக்கலாம். சண்டைபிடிக்கும் பெண்ணைப் பூனையோடு சேர்த்துப் பேசும் வழக்கம் ஆங்கிலத்தில் ஏற்கெனவே உண்டு. இன்று யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டு நாவலை மொழிபெயர்ப்பவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ‘அந்தக் கிழட்டுக் கட்டுமரம்’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு எதுவும் விளங்காது. ‘அந்த வாயாடிக் கிழவி’ என்றே எழுதுங்கள்.

நெப்போலியன் போரில் கேட்டமரான் வெடித்தது என்று படித்தேன். படகா வெடித்தது?

படகு அல்ல, வெடிமருந்துப் பெட்டி. 1804இல் நெப்போலியன் இங்கிலாந்தின் மேல் படையெடுக்கத் தயாராகி, பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் ஏராளமான படகுகளைக் குவித்திருந்தார். அவற்றைத் தகர்க்க ஆங்கிலேய அரசு ராபர்ட் ஃபுல்டன் என்ற அமெரிக்கரின் திட்டத்தை ஏற்றது. பின்னாளில், 1807இல், ஹட்சன் ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிப் புகழ்பெற்றவர் இவர்தான். அவர் செய்த பெட்டி ஏறத்தாழ 21 அடி நீளம், மூன்றரை அடி அகலம். பலகைப் பெட்டிக்கு உள்ளே ஈயத்தகடு, அதற்குள் சுமார் 40 பீப்பாய் வெடிமருந்து, குறித்த நேரத்தில் வெடிக்கவைக்கக் கடிகார இயந்திரம். மேற்பரப்பு நீர்மட்டத்தோடு கிட்டத்தட்ட ஒட்டியிருக்கும்படி எடை ஏற்றியிருந்தார்கள். இரவில் பார்த்தால் மிதக்கும் கட்டைபோலத் தோன்ற வேண்டும் என்பது திட்டம். அதனால்தான் அந்தப் பெயர்.

அந்த ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி இரவு அவற்றை இழுத்துச்சென்று நீரோட்டத்தில் விட்டார்கள். பெரும்பாலானவை பிரெஞ்சுக் கப்பல்களில் மாட்டாமல் நழுவிப்போய்த் தனியாக வெடித்தன, சேதம் மிகக் குறைவு. லண்டனில் இதைக் ‘கேட்டமரான் படையெடுப்பு’ என்று கேலி பேசினார்கள். அந்தக் காலத்துக் கடற்படைக் கடிதங்களில் இந்தச் சொல் வந்தால், முதலில் ஆண்டையும் இடத்தையும் பாருங்கள். 1804, 1805, ஆங்கிலக் கால்வாய் என்றால் அது வெடிப்பெட்டி.

சரி, இரட்டை உடல் படகுக்கு இந்தப் பெயர் எப்போ, எப்படி வந்தது?

படகு முன்பே இருந்தது, பெயர் பின்னால்தான் வந்தது. இங்கிலாந்தில் வில்லியம் பெட்டி 1660களிலேயே இரட்டை உடல் கப்பல்களைக் கட்டினார். அவற்றில் ‘எக்ஸ்பெரிமென்ட்’ என்பது பிஸ்கே விரிகுடாப் புயலில் மூழ்கியது. ஆனால் அவர் இந்தப் பெயரைச் சொல்லவில்லை, ‘இரட்டை அடி’ என்ற பொருளில்தான் அழைத்தார். ஆங்கிலக் கால்வாயைக் கடக்கக் கட்டி 1874இல் நீரில் இறக்கிய ‘காஸ்டாலியா’வையும் ‘இரட்டைக் கப்பல்’ என்றே சொன்னார்கள்.

பெயரை நிலைநாட்டியது அமெரிக்கா. ரோட் ஐலண்டைச் சேர்ந்த நதானியல் ஹெரஷாஃப் 25 அடிக்குச் சற்றுக் குறைந்த ‘அமரில்லிஸ்’ என்ற படகைக் கட்டி, 1876இல் நியூயார்க்கில் நடந்த நூற்றாண்டு விழாப் பந்தயத்தில் இறக்கினார். அது பெரிய படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. தோற்றவர்கள் முறையிட்டார்கள், இந்த வகையையே பந்தயத்திலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். 1877இல் அவர் காப்புரிமை பெற்றார். அதன் தனிச்சிறப்பு இணைப்பில் இருந்தது: இரண்டு உடல்களும் அலைக்கேற்பத் தனித்தனியே ஏறி இறங்கும்படி, குறுக்குச் சட்டங்களை அசையும் மூட்டுகளால் பொருத்தியிருந்தார். ‘தனித்தனி மிதவைகளைச் சேர்த்துப் பிணைத்தது’ என்ற பொதுப்பொருளில் அப்போதைக்கு ‘கேட்டமரான்’ கையருகே இருந்த சொல். அது இந்தப் படகின்மேல் ஒட்டிக்கொண்டு நிலைத்தது.

இரட்டை உடல் படகைக் கண்டுபிடித்தது தமிழர்தான் என்று பகிரப்படுகிறதே? சோழர்கள் இதில்தான் கடாரம் போனார்களாமே?

இரண்டுக்கும் சான்று இல்லை. இரட்டை உடல் படகு ஆஸ்திரோனேசிய மக்களின் கலை. பசிபிக் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து ஹவாய், நியூசிலாந்து வரை குடியேறியவர்கள் அப்படிப்பட்ட படகுகளில் போனார்கள். நியூசிலாந்தின் மவோரிகள் அதை ‘வாக்கா ஹவுருவா’ என்கிறார்கள். ஹெரஷாஃபுக்குப் பிறகு இந்த வகைக்கு மறுவாழ்வு வந்ததும் ஹவாயிலிருந்துதான். 1947இல் உடி பிரவுனும் நண்பர்களும் அங்கே கட்டிய ‘மனு காய்’ அதன் தொடக்கம்.

சோழர் செய்தியைப் பொறுத்தவரை, கட்டுமரத்தின் அமைப்பையே யோசியுங்கள். மேலே சொன்னபடி அதற்கு உள்கூடு இல்லை. அரிசி, குடிநீர், ஆயுதம் எதையும் நனையாமல் வைக்க முடியாது. ஏறியவர் முழங்கால்வரை நனைந்தே இருப்பார். கரையலையைத் தாண்டவும், மீன் பிடித்துத் திரும்பவும் அதற்கு இணையில்லை. படைகொண்டு வங்கக் கடலைக் கடக்கப் பெரிய கலங்கள் வேண்டும். சோழரிடம் கப்பல் இருந்ததைச் சொல்லக் கட்டுமரத்தைப் பெரிதாக்கத் தேவையில்லை. கட்டுமரத்தின் பெருமையைச் சொல்லச் சோழரையும் இழுக்க வேண்டாம்.

அப்படியானால் ஐரோப்பியர்களுக்குக் கட்டுமரம் ஏன் அவ்வளவு முக்கியமாகத் தெரிந்தது? எத்தனையோ நாட்டுப் படகுகள் இருந்தனவே.

சென்னைக்குத் துறைமுகம் இல்லாததுதான் காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கைத் துறைமுகம் எழும்வரை, கப்பல்கள் கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். நடுவே பெரும் அலைவரிசை. கப்பலின் சொந்தப் படகை இறக்கினால் அலையில் உடையும். ஆட்களையும் சரக்கையும் கயிற்றால் தைத்த மசூலாப் படகு ஏற்றிவரும். அதுவும் போக முடியாத அலையில் கட்டுமரக்காரர் போவார்.

கடிதம் கொண்டுபோகும் முறையைப் பல பயணிகள் எழுதியிருக்கிறார்கள். தலையில் ஓலையாலோ பாயாலோ முடைந்த கூம்புத் தொப்பி, அதற்குள் கடிதம். மரத்திலிருந்து அலை தூக்கி எறிந்தாலும் நீந்தி வந்து மறுபடி ஏறிக்கொள்வார், கடிதம் நனையாது. மாதக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வரும் கப்பல்காரர் கண்ணில் சென்னையில் முதலில் படும் மனிதரும், அவர் கேட்கும் முதல் உள்ளூர்ச் சொல்லும் இவையாகத்தான் பல நேரம் இருந்திருக்கும்.

மலையாளத்திலும் கட்டுமரம் என்கிறார்களே, ஏன் தமிழ் என்று மட்டும் அகராதி சொல்கிறது?

நியாயமான கேள்வி. சொல் மலையாளத்திலும் அப்படியே உண்டு, ஒலியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. தீர்ப்பது இடம். பால்பி, ஃப்ரையர், டாம்பியர் மூவரும் குறிப்பிடுவது சோழமண்டலக் கரை. வடக்கே தெலுங்குக் கரையில் இதே வகை மரத்துக்குத் ‘தெப்ப’ என்று பெயர். ஆகவே ஐரோப்பியர் காதில் விழுந்தது தமிழ் பேசும் கரையின் பெயர்.

இலங்கைப் பயணக் குறிப்புகளில் பக்கமிதவை வைத்த படகைக் கேட்டமரான் என்று எழுதியிருக்கிறார்களே?

அது ஆங்கிலேயர் செய்த கலப்பு. தென்னிலங்கையில் சிங்கள மீனவர்கள் ஓட்டுவது ‘ஓருவ’: குடைந்த ஒரே உடல், ஒரு பக்கம் கழிகளால் பிணைத்த மிதவைக் கட்டை. 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் பலர் அதையும் இந்தப் பெயராலேயே அழைத்தார்கள். கொழும்பு, காலி பற்றிய பழைய குறிப்பில் இந்தச் சொல்லைப் பார்த்தால் விவரிப்பையும் சேர்த்துப் படியுங்கள். குடைந்த உடலும் பக்கமிதவையும் வந்தால் ஓருவ, கட்டைகள் மட்டும் என்றால் கட்டுமரம்.

கனடாவில் பனியில் ஓடும் கேட்டமரான் உண்டாமே, நிஜமா?

நிஜம். நியூஃபவுண்ட்லாந்தில் விறகும் மரமும் இழுக்கும் சறுக்குவண்டிக்கு அந்தப் பெயர். இரண்டு தடித்த சறுக்குக் கட்டைகள், மேலே குறுக்குச் சட்டங்கள், நான்கு மூலையிலும் சுமை சரியாமல் தடுக்க நிமிர்ந்த முளைகள். குதிரையோ நாயோ மனிதரோ இழுப்பார்கள். கடலோடிகளின் ஊர் என்பதால் கடல் சொல் தரைக்கு ஏறிவிட்டது.

ஆங்கிலேயக் கடற்படைத் துறைகளில் இன்னொரு பொருள் உண்டு. கப்பல் துறைச் சுவரில் இடிக்காமல் நடுவே மிதக்கவிடும் கனத்த மரத்தெப்பம். ரஷ்யாவில் பூங்கா ஏரியில் காலால் மிதித்து ஓட்டும் படகையும், மலையாற்று வெள்ளத்தில் ஓட்டும் இரட்டைக் காற்றுக்குழாய் மிதவையையும் ‘கட்டமரான்’ என்கிறார்கள். அந்த மலையாற்று வகையில் இரண்டு குழாய்களுக்கு மேல் சட்டகம் வைத்துக் கயிற்றாலோ பட்டையாலோ இறுக்கிக் கட்டுகிறார்கள். வடிவத்தில் அயல்தான், செய்முறையில் நம் மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

‘ட்ரைமரான்’ என்றால் மூன்று மரமா?

மூன்று உடல். 1940களில் அமெரிக்காவில் வாழ்ந்த உக்ரைனியரான விக்டர் செசெட் உருவாக்கிய சொல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ‘கேட்டமரான்’ சொல்லை ‘கேட்ட’ என்றும் ‘மரான்’ என்றும் வெட்டி, முன்பாதிக்குப் பதில் ‘மூன்று’ என்ற ‘ட்ரை’யை வைத்தார்கள். இதில் ‘மரான்’ என்றால் ‘உடல்’ என்று ஆகிவிட்டது. பிறகு ஐந்து உடலுக்குப் ‘பெண்டமரான்’ வந்தது. இப்போது ‘மரான்’ ஆங்கிலத்தில் தனியாகப் பின்னொட்டாக உயிர்வாழ்கிறது, அது நம் ‘மரம்’.

படகின் உறுப்புகளுக்கோ பாலினேசியப் பெயர்கள். ட்ரைமரான் ஓட்டிகள் நடு உடலை ‘வாக்கா’ என்றும், பக்க உடலை ‘ஆமா’ என்றும், குறுக்குச் சட்டத்தை ‘ஆக்கா’ என்றும் சொல்கிறார்கள். பெயர் ஒரு கடலிலிருந்தும் படகு வேறொரு கடலிலிருந்தும் வந்தது இங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

இரட்டை உடல் ஏன் வேகம்? சொல் பற்றிய பக்கம்தான், ஆனாலும் தெரிந்துகொள்ளணும்.

ஒற்றை உடல் படகு கவிழாமலிருக்க அகலமாகவோ, அடியில் கனமான எடையோடோ இருக்க வேண்டும். இரட்டை உடலில் நிலைத்தன்மை இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்திலிருந்து கிடைக்கிறது. அதனால் ஒவ்வோர் உடலும் ஒல்லியாக இருக்கலாம், எடை வேண்டாம், அலை எழுப்பி வீணாகும் ஆற்றலும் குறையும். டாஸ்மேனியாவில் இன்கேட் நிறுவனம் கட்டிய ‘ஹோவர்ஸ்பீட் கிரேட் பிரிட்டன்’ என்ற கார் கப்பல் 1990இல் அட்லாண்டிக்கை விரைந்து கடந்து ஹேல்ஸ் கோப்பையை வென்றது இந்த அமைப்பால்தான்.

குறையும் உண்டு. ஒற்றை உடல் படகு சாய்ந்தால் அடியிலுள்ள எடை அதை நிமிர்த்தும். பாய்மர இரட்டை உடல் முழுக்கக் கவிழ்ந்துவிட்டால் அப்படியே தலைகீழாக நிலைத்துவிடும். பலத்த காற்றில் முன்முனை அலைக்குள் குத்தி, பின்பக்கம் மேலே எழும்பிக் குட்டிக்கரணம் போடுவதும் இதற்கு உள்ள ஆபத்து.

‘கேஷ்’ என்பதும் ‘காசு’தானே? இதை மட்டும் ஏன் உறுதி என்கிறீர்கள்?

இங்கே சோதிக்கும் முறையைச் சொல்லிவிடுவது நல்லது, எந்தச் சொல்லுக்கும் உதவும். முதலில் மிகப் பழைய எழுத்துச் சான்று எந்த ஆண்டு என்று பாருங்கள். அடுத்து, அது எந்த ஊரைப் பற்றியது. மூன்றாவது, அந்தச் சான்றில் என்ன பொருள். இன்றைய பொருளை அங்கே ஏற்றிவைக்கக் கூடாது. நான்காவது, இடையில் எந்த மொழி வழியாக வந்தது. ஒலி ஒற்றுமையைக் கடைசியில் பாருங்கள். பெரும்பாலானோர் அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

இதைக் ‘கேஷ்’ மேல் போட்டுப்பாருங்கள். ரொக்கம் என்ற பொருளில் அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது, நம் காசு அல்ல. ஆனால் ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கூட்டலில் இன்னொரு ‘கேஷ்’ உண்டு. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயம் அது. அது போர்த்துக்கீசியம் வழியாகப் போன நம் காசு. இரண்டு தனிச் சொற்கள், எழுத்து மட்டும் ஒன்று. ‘கேட்டமரான்’ மேல் இதே சோதனையைப் போட்டால் நான்கு கேள்விக்கும் நேரான விடை வருகிறது. சுருட்டிலிருந்து போன ‘செரூட்’, மிளகுத்தண்ணியிலிருந்து போன ‘மல்லிகட்டானி’ இரண்டும் இதேபோலத் தேறுபவை.

அகராதியில் முதலில் எந்தப் பொருளைப் போட்டிருக்கிறார்களோ அதுதானே முக்கியமானது?

அகராதியைப் பொறுத்தது. அமெரிக்க மெரியம்-வெப்ஸ்டர் பழைய பொருளை முதலில் வைக்கும் வழக்கமுடையது. மாணவர்களுக்கான அகராதிகள் இன்று அதிகம் புழங்குவதை முதலில் வைக்கும். முன்னுரையில் வரிசைமுறையைச் சொல்லியிருப்பார்கள், ஒருமுறை படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வரலாற்றுப் பொருளைத் தேடுகிறவர், ஆண்டு போட்டு மேற்கோள் காட்டும் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது இரட்டை உடல் படகைக் கட்டுமரம் என்றே எழுதலாமா?

வேண்டாம். ஒலிம்பிக்கில் ஓடும் பந்தயப் படகைக் ‘கட்டுமரம்’ என்று எழுதினால், தமிழ் வாசகர் கண்முன் கயிறு கட்டிய கட்டைகள் வரும். அதற்கு ‘இரட்டை உடல் படகு’ என்று எழுதலாம், அல்லது ‘கேட்டமரான்’ என்று அப்படியே எழுதி முதல் முறை மட்டும் விளக்கலாம். நம் சொல் திரும்பி வரும்போது வேறு பொருளோடு வந்திருக்கிறது, அதைத் தனிச் சொல்லாக நடத்துவதுதான் வாசகருக்கு நேர்மை.

எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். இந்தியாவின் மீன்வள ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், அவற்றில் ‘கேட்டமரான்’ என்றால் பழைய பொருளில் கட்டைகள் கட்டிய மரம்தான். 2004 ஆழிப்பேரலைக்கு முன்னும் பின்னும் எத்தனை இருந்தன என்ற பட்டியலை மொழிபெயர்க்கும்போது அங்கே ‘இரட்டை உடல் படகு’ என்று போட்டால் பிழை. இப்போது பல ஊர்களில் கட்டைகளின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு பிடித்துவிட்டது. அதே உருவத்தில் இழையால் வார்த்ததையும் சில இடங்களில் ‘ஃபைபர் கட்டுமரம்’ என்கிறார்கள். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. ஆனால் மீனவர் வாயில் இருக்கும் பெயர் அதுதான், அப்படியே எழுதுங்கள்.